கிளுவைப் பச்சையில் இல்லாத என் பெயர்

முதலில் நான் உண்டாக்கினதைச் சொல்லிவிடுகிறேன். கோபத்துக்குப் பிறகு வருகிறேன்.

பதினோரு வயதில் சாயப்பட்டறைக்குக் கோல் பிடித்துத் துணி புரட்டப் போனேன். முழங்கை வரைக்கும் ஒரு நாள் சிவப்பு, ஒரு நாள் நீலம். சோறு பிசையும்போது பார்த்தால் அது என் கை மாதிரியே இருக்காது. அந்தக் கையை வைத்துக்கொண்டு முப்பத்திரண்டு வயதில் சொந்தப் பட்டறை போட்டேன். பல்லடம் ரோட்டில் பன்னிரண்டு நிட்டிங் மெஷின் ஓட்டினேன். நல்லூரில் தைக்கிற யூனிட் ஆரம்பித்தேன். போர் போட்ட இடமெல்லாம் உப்புத் தண்ணியே வந்த ஊரில், வெள்ளைக்காரன் கேட்ட இளம் ரோஜா நிறத்தைப் பிசகாமல் எடுத்துக் கொடுத்தேன். சாயத் தண்ணி ஆற்றைக் கெடுக்கிறது என்று கோர்ட் உத்தரவில் பட்டறைகள் மூடிக்கிடந்த காலத்தில், "அவன் கதை முடிஞ்சுதுங்க" என்று டீக்கடையில் பேசினார்கள். தண்ணி சுத்தம் பண்ணுகிற ஆலையோடு திரும்பி வந்து அதே கடையில் டீ குடித்தேன். படிப்பு அஞ்சாம் வகுப்பு. மாமன் மச்சான் தயவு கிடையாது. என்னைத் தூக்கிவிட்டவன் என்று ஒருத்தன் பேரைச் சொல்லச் சொல்லுங்கள், பார்க்கலாம்.

இத்தனைக்கும் கடைசியாக, அறுபத்தெட்டாம் வயதில், ஒரு மை செய்தேன். பேனாவில் ஊற்றுகிற மை. அதன் பேர் கிளுவைப் பச்சை. பேரும் நான் வைத்ததுதான். அந்த மையைப் பற்றி எங்கள் பேனாக் குழு ஒரு சிறு புத்தகம் போட்டிருக்கிறது. அதில் செய்தவர் என்று வேறொருவர் பேர் இருக்கிறது. நான் எங்கே இருக்கிறேன் என்று கேட்கிறீர்களா? அதே மையை ஊற்றி எழுதுகிற பல பேரில் ஒருத்தனாக இருக்கிறேன். இன்னொரு இடத்தில் கோமாளியாகவும் இருக்கிறேன். அதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு எதற்கு மைப்பேனா என்று கேட்காத ஆள் இல்லை. நான் படித்த பள்ளிக்கூடத்தில் அஞ்சாவது வரைக்கும் பலகையும் பென்சிலும்தான். ஆறாவது போனால்தான் மைப்பேனா. ஆறாவது பையன்கள் சட்டைப் பையில் நீலக் கறையோடு வருவார்கள். அந்தக் கறை அப்போது பெரிய பவிசு. நான் ஆறாவது போகவில்லை. அவ்வளவுதான் காரணம். முதல் ஏற்றுமதி ஆர்டர் கப்பல் ஏறின வாரம் ஒரு மைப்பேனா வாங்கினேன். ஆந்திராவில் எபோனைட் என்கிற கெட்டி ரப்பரில் கையால் கடைந்தது. கட்டைவிரல் தடிமன், கறுப்பு. பின்பக்கத்தைத் திருகிக் கழற்றி, சொட்டுக் குழாயால் மையை நேரே வயிற்றுக்குள் ஊற்ற வேண்டும். நிப்பு அகலம். நான் போடுகிற கையெழுத்து அந்த நிப்பில்தான் கையெழுத்து மாதிரி இருக்கும்.

தினமும் அதற்கு வேலை இருந்தது. பட்டறையில் ஒவ்வொரு லாட் சாயம் ஏறி முடிந்ததும் துணியில் ஒரு துண்டு வெட்டி அட்டையில் குத்திக் கொண்டுவருவார்கள். நான் வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, சரியென்றால் 'ஓகே' எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நாளைக்கு நாற்பது அட்டை. அந்த அட்டை மட்டமான தாள். பஞ்சு மாதிரி மையைக் குடிக்கும். பட்டறையில் நாள் முழுக்க ஆவி வேறு. நான் போட்ட 'ஓகே' மத்தியானத்துக்குள் பூச்சி காலை விரித்தது போல ஆகிவிடும். ஜெர்மன் மை, ஜப்பான் மை எல்லாம் ஊற்றிப் பார்த்தேன். எல்லாமே கால் விரித்தது.

இதைக் கேட்கத்தான் அந்தக் குழுவுக்குப் போனேன். நல்லூரில் ஒரு பேக்கரி மாடியில் ஞாயிறு காலையில் கூடுவார்கள். பன்னிரண்டு பதினைந்து பேர். அங்கே ஒரு பழக்கம் உண்டு: ஜோடி சொல்வது. அந்த வாரம் எந்தப் பேனா, அதில் எந்த மை, எதற்கு எழுதினீர்கள் என்று ஒவ்வொருவரும் எழுந்து சொல்லிவிட்டு, குழுவின் நோட்டில் ஒரு வரி எழுத வேண்டும். டீயும் பப்ஸும் அதற்கப்புறம்தான்.

குழுவை நடத்துகிறவர் ஓய்வுபெற்ற கல்லூரிப் பேராசிரியர். எல்லாரும் சார் என்போம். அவர் ஜோடி, ஜெர்மன் பேனாவும் நீல மையும். வழவழப்பான வெளிநாட்டுத் தாளில் டைரி எழுதுவார். எழுத்து முத்து மாதிரி இருக்கும், இல்லையென்று சொல்லமாட்டேன். எக்ஸ்போர்ட் ஆபீஸில் மெர்ச்சண்டைசர், அதாவது சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பயரோடு பேசி ஆர்டரைக் கவனிக்கிற வேலை பார்க்கிற ஒரு பெண்ணும் வருவாள். தூத்துக்குடிப் பக்கம் சொந்த ஊர். சீனப் பேனா, ஊசி நிப்பு, ஊதா மை. "பயர் போன்ல பேசுதத ஊதாவுல எழுதுனாத்தான் எனக்கு மறக்காது" என்பாள். என்னை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவாள். எங்களூரில் அந்த வார்த்தை கிடையாது. கேட்கக் கேட்க நன்றாகத்தான் இருந்தது.

முதல் நாள் என் முறை வந்ததும் சொன்னேன்: "எனக்கு ஜோடியே அமையலீங்க. நீங்கெல்லாம் பேனாவுக்கும் மைக்கும் பொருத்தம் பாக்கறீங்க. தாளை ஆருமே கேக்கறதில்ல. நூலு, சாயம், தண்ணி மூணும் ஒத்து வந்தாத்தான் நெறம் நிக்கும். இங்க தாளுதானுங்க துணி."

சார் சிரித்தார். "நல்ல தாள் வாங்கிக்கலாமுங்களே முதலாளி."

"நாளைக்கு நாப்பது அட்டைங்க சார். வெளிநாட்டுத் தாள்ல அட்டை அடிச்சா எம்பட்டறைய மறுக்கா மூடோணும்."

எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் அன்றைக்கே நான் முடிவு பண்ணிவிட்டேன். இத்தனை வருஷம் தண்ணியில் நிறத்தைக் கரைத்தே பிழைத்தவன். ஒரு பாட்டில் மைக்கு இன்னொருத்தன் கடையில் போய் நிற்பதா?

அடுத்து நடந்ததை மறைக்கமாட்டேன். அதை வைத்துத்தான் என்னைச் சிரிக்கிறார்கள். அதனால் நானே சொல்கிறேன்.

எங்கள் தொழிலில் உப்பு இல்லாமல் சாயம் ஏறாது. பருத்தியைச் சாயத் தண்ணியில் போட்டால் நிறம் பாதி தண்ணியிலேயே நிற்கும். உப்பைக் கொட்டினால்தான் தண்ணியை விட்டுத் துணிக்குப் போகும். மூட்டை மூட்டையாகக் கொட்டுவோம். பட்டறைக்காரன் கை தானாக உப்புக்குப் போகும், யோசனை வேண்டியதில்லை. நான் முதலில் கலக்கின மையிலும் கை போய்விட்டது. கலக்கி என் அட்டையில் எழுதிப் பார்த்தேன். அடடா! கோடு கத்தியில் வெட்டினது போல நின்றது. கால் விரிக்கவில்லை. நிறம் கெட்டியாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் எட்டு பாட்டில் ஊற்றி அடுத்த ஞாயிறே குழுவில் கொடுத்தேன். எட்டுப் பேரும் அங்கேயே பேனாவில் ஏற்றிக்கொண்டார்கள்.

வியாழக்கிழமை முதல் போன் வந்தது. மெர்ச்சண்டைசர் பெண்தான். "அண்ணாச்சி, நிப்புல வெள்ளையா எதோ பூத்துருக்கு. தொட்டு நாக்குல வச்சுப் பாத்தேன். கரிக்குது. எங்க ஊரு உப்பளம் மாதிரில்லா இருக்கு."

துணிக்குச் சாயத்தைத் துரத்துகிற உப்பு, பேனாவுக்குள் காய்ந்தால் கல்லாக நிற்கும். நிப்புக்கு அடியில் மை ஏறுகிற வாய்க்கால் ஒன்று உண்டு. மயிரிழை அகலம். அதில் போய் அடைத்துக்கொண்டது. எட்டுப் பேனாவும் ஊமை. இந்தத் தப்பை ஒரு டாக்டர் செய்யமாட்டார், ஒரு வாத்தியார் செய்யமாட்டார். அவர்களுக்கு மையில் உப்புப் போடத் தோன்றவே தோன்றாது. சாயக்காரன் மட்டும்தான் செய்வான். செய்தேன்.

ஆனால் செய்துவிட்டு ஓடினேனா? எட்டுப் பேர் வீட்டுக்கும் நானே போய்ப் பேனாக்களை வாங்கிவந்தேன். ஒன்றொன்றாகக் கழற்றி, ஆலையிலிருந்து பிடித்த உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணியில் ஊறப்போட்டு, குழந்தைகள் பல் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினேன். மூன்று நாள். எங்கூட்டுக்காரி வாசலில் நின்று பார்த்துவிட்டு, "எட்டு ஊட்டுப் பல்லையும் நீங்களே வெளக்கி உடறதுன்னு முடிவு பண்ணிட்டீங்களா?" என்றாள். ஏழு பேனா பழையபடி எழுதியது. எட்டாவது சாருடையது. முதல் சம்பளத்தில் வாங்கினதாம். உருக்கு நிப்பு, உப்பில் துரு பிடித்துவிட்டது. தேடிப் பிடித்து அதே அளவு நிப்பு மாற்றிக் கொடுத்தேன். அவர் எழுதிப் பார்த்துவிட்டு, "அதே மாதிரி வரலீங்க" என்றார். தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அறுபது வயதுக்கு மேல் நான் தலை குனிந்தது அந்த ஒரு இடத்தில்தான்.

அந்தக் கோபம் அவருக்கு உள்ளே இருந்திருக்கலாம். இருந்தால் அன்றைக்கே முகத்துக்கு நேரே திட்டியிருக்க வேண்டும். வாங்கிக்கொண்டிருப்பேன்.

அப்புறம்தான் வேலையை வேலையாக எடுத்தேன். உப்பை விட்டேன். உப்பு போனதும் கோடு மறுபடி கால் விரித்தது. சாயத்தை மாற்றினேன், பருத்திச் சாயத்தை விட்டுவிட்டு நைலான் நாடாவுக்குப் போடுகிற சாயத்துக்குப் போனேன். கொஞ்சம் அடங்கியது. துணி சீக்கிரம் நனைவதற்கு நாங்கள் ஊற்றுகிற வெட்டிங் ஆயில் ஒன்று உண்டு, அதையும் பழக்கத்தில் இரண்டு சொட்டு விட்டுக்கொண்டிருந்தேன். அதுதான் எமன். அதை அறவே நிறுத்தினால் மை நிப்புக்கு இறங்கவில்லை. இரண்டு சொட்டு விட்டால் தாளெல்லாம் ஓடியது. ஒரு சொட்டு, அரைச் சொட்டு, கால் சொட்டு என்று இறங்கி வந்தேன். கால் சொட்டை எப்படி விடுவது? நாலு பங்கு தண்ணியில் ஒரு சொட்டைக் கலக்கி அதில் ஒரு பங்கு எடுக்க வேண்டும். இதை எந்தக் காலேஜிலும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஒவ்வொரு கலவைக்கும் ஒரு அட்டை போட்டேன். பயருக்கு நிறம் அனுப்பும்போது செய்கிற லேப் டிப் முறைதான் அது. ஒரே நிறத்தை ஏ, பி, சி என்று மூன்று விதமாக எடுத்து அனுப்புவோம். அவன் ஒன்றில் டிக் போடுவான். அதே மாதிரி மேலே நம்பர், கீழே கலவை, நடுவில் அந்த மையில் ஒரு கோடு, ஒரு 'ஓகே'. மூலையில் பட்டறையின் தேதி முத்திரை. முத்திரை இல்லாமல் என் பட்டறையில் ஒரு துண்டுத் துணி நகராது, மையும் நகரவில்லை. நாற்பத்தியொரு அட்டை. இருபத்தொன்பதாவதில் வந்து நின்றது. மீதி பன்னிரண்டும் அது தற்செயலில்லை என்று பார்ப்பதற்குப் போட்டது.

இருபத்தொன்பதில் ஏ, பி, சி மூன்றும் நன்றாக எழுதின. நிறம்தான் கேள்வி. நான் டியூப்லைட்டில் பார்த்து ஏ என்றேன். எங்கூட்டுக்காரி மூன்றையும் பிடுங்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள். கல்யாணமான புதிதிலிருந்து இருபது வருஷம் என் பட்டறையில் துணி செக்கிங் பார்த்தவள். "ஏ வெளிய வந்தா நீலமாப் போவுது. பி தான். மழை பேஞ்ச மக்யா நாளு கிளுவை வேலி இப்பிடித்தான் இருக்கும்" என்றாள். பார்த்தேன். மழைக்கு மறுநாள் பார்க்கிற வேலி அப்படியேதான் இருந்தது. கரும்பச்சை, உற்றுப் பார்த்தால்தான் பச்சை என்று தெரியும். அங்கேயே பேர் வைத்தேன்.

இந்தத் தடவை குழுவுக்கு ஒரே ஒரு பாட்டில் கொண்டுபோனேன். என் பேனாவில் மட்டும் ஆறு வாரம் ஊற்றி எழுதினேன். யாரும் தொட வரவில்லை. ஆறாம் வாரம் மெர்ச்சண்டைசர் பெண்தான் முதலில் கேட்டாள். "குடுங்க அண்ணாச்சி. செத்தா என் சீனப் பேனாதான சாவும்." சாகவில்லை. ஆபீஸ் பிரிண்டர் தாளிலும் கால் விரிக்கவில்லை. இரண்டு மாதத்தில் குழுவில் பாதிப் பேர் அன்றாடம் எழுதுவது கிளுவைப் பச்சையில். சாரே தன் ஜெர்மன் பேனாவில் நீலத்தைக் கொட்டிவிட்டு இதை ஏற்றினார். அன்றைக்கு ஜோடி சொல்லும்போது, "இனி டைரியை எந்தத் தாள்லயும் எழுதலாமுங்க" என்றார். எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்த நிறைவில்தான் ஏமாந்தேன். டீ குடிக்கும்போது சார், "செய்முறைய எழுதி வெச்சுக்கலாமுங்களே, குழுவுக்கு இருக்கட்டும்" என்றார். என் எழுத்து எனக்கே சில நாள் புரியாது. கால் போட்டால் கொம்பு விட்டுப்போகும். "நான் சொல்றனுங்க சார், நீங்க எழுதிக்கங்க" என்றேன். நான் சொல்லச் சொல்ல அவர் குழுவின் நோட்டில் தேதி போட்டு முத்து முத்தாக எழுதினார். அதுவும் என் மையில்.

போன மாதம் புத்தகம் வந்தது. குழுவில் இருக்கிறவர்களின் அன்றாட ஜோடிகள், ஆளுக்கு ஒரு பக்கம். இருநூறு பிரதி. பேக்கரி மாடியில் கேக் வெட்டிக் கொடுத்தார்கள். என் பக்கத்தைத் திருப்பினேன். 'பேனா: எபோனைட், அகல நிப்பு. மை: குழுவின் கிளுவைப் பச்சை.' என்னையே என் மையைக் கேட்டு வாங்கி ஊற்றுகிறவனாக ஆக்கிவிட்டார்கள். சாருடைய பக்கத்தைத் திருப்பினேன். 'கிளுவைப் பச்சை நம் குழுவின் சொந்த மை. செய்முறை' என்று போட்டு, அதற்கு நேரே அவர் பேர். கடைசிப் பக்கத்தில் கட்டம் கட்டி ஒரு துணுக்கு: குழுவில் ஒரு நண்பர் மையில் உப்பைக் கொட்டி எட்டுப் பேனாவின் கழுத்தை நெரித்த கதை. அதில் மட்டும் என் தொழில், என் ஊர், என் தொப்பை வரைக்கும் விவரம் இருந்தது.

கேக்கைத் தட்டோடு கீழே வைத்தேன்.

"ஏனுங்க சார், இந்த மையச் செஞ்சது ஆருங்க?"

"குழுதானுங்க."

"குழு எந்த டம்ளர்ல கலக்குச்சுங்க?"

சிலர் சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை. "முதலாளி கோவிச்சுக்கப்படாதுங்க. செய்முறைய எழுதி ஒழுங்குபடுத்துனது நானுங்க. எழுத்துல எது இருக்குதோ அதத்தானுங்க அச்சுல போட முடியும்."

"நாஞ் சொன்னேன், நீங்க எழுதுனீங்க."

"அப்பிடீன்னு எழுத்துல ஏதாச்சும் இருக்குதுங்களா?"

இந்த ஒரு கேள்விதான் என்னை இன்றைக்கு வரைக்கும் எரிக்கிறது. அஞ்சாம் வகுப்போடு நின்றவனைப் பார்த்து எழுத்தில் இருக்கிறதா என்று கேட்பது. ஏன், ஆறாவதில் எனக்கு இடம் வைத்திருந்தார்களா? எழுதத் தெரிந்தவன் செய்ததாகவும், செய்யத் தெரிந்தவன் உப்புப் போட்டதாகவும் ஆகிவிடுமா? அன்றைக்கு நேரே படி இறங்கினேன். பேசியிருந்தால் மேசை நின்றிருக்காது.

வீட்டில் போய் அட்டைகளை எடுத்தேன். பழைய பனியன் டப்பாவில் நாற்பத்தியொன்றும் வரிசையாக இருந்தது. எங்கூட்டுக்காரி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நல்லாக் கொண்டுபோய்க் காட்டுங்க. ஏனுங்க, இருபத்தொம்போது பி-ய ஓகே பண்ணுனது ஆருன்னும் அங்க சொல்லுவீங்களா?"

நான் அட்டைகளை டப்பாவுக்குள் திரும்ப அடுக்கினேன்.

"சும்மா கேட்டனுங்க. எழுத்துல இல்லீல்ல."

அடுப்படிக்குப் போய்விட்டாள். அடிபட்டுக்கொண்டு வந்தவனுக்கு வீட்டிலும் ஒரு அடி. ஆனால் அவள் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. அதற்கு என்ன செய்தேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

அடுத்த ஞாயிறு டப்பாவோடு மாடி ஏறினேன். மேசையில் அட்டைகளைப் பரப்பினேன். "எழுத்துல கேட்டீங்களே. இது எழுத்துங்க."

சார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு அட்டையை எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் நான் எழுதியிருந்தது இவ்வளவுதான்: '29 பி. ஆ.ஓ 100. பச் 1.2. கரு 0.4. எண் கால். 2 மடி. 9 நா.'

"இது ஆருக்குங்க புரியும்?" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை, அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. அதில்தான் இன்னும் கோபம் வந்தது.

"எனக்குப் புரியுது சார்" என்றாள் மெர்ச்சண்டைசர் பெண். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "தெனமும் இந்த மாதிரி அம்பது அட்ட பாக்குதேன். இங்கிட்டுக் குடுங்க." சத்தமாகப் படித்தாள்: "ஆர்.ஓ. தண்ணி நூறு. பச்சச் சாயம் ஒண்ணு புள்ளி ரெண்டு. கருப்பு புள்ளி நாலு. வெட்டிங் ஆயில் கால் சொட்டு. துணிய ரெண்டு மடிப்பாப் போட்டு வடிகட்டணும். ஒம்பது நாள் வச்சிருக்கணும். செரிதான அண்ணாச்சி?"

"செரிதான் கண்ணு."

அப்புறம் புத்தகத்தை எடுத்து செய்முறைப் பக்கத்தைப் பிரித்து அட்டைக்குப் பக்கத்தில் வைத்தாள். எண்ணுக்கு எண் அதேதான். அட்டை மூலையில் இருந்த தேதி முத்திரையை விரலால் தட்டினாள். "இது எப்போ அடிச்சது, சார் எழுதுனது எப்போன்னு நோட்டப் பாத்தாத் தெரிஞ்சிரும். சார் எழுதுத அன்னிக்கு நானும் இங்கனதான் டீ குடிச்சிட்டு இருந்தேன். அண்ணாச்சி சொல்லச் சொல்லத்தான எழுதுனிய?"

 

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் இல்லைன்னு சொல்லலீங்களே. அச்சாயிப் போச்சுங்க. அடுத்த பதிப்புல பாத்துக்கலாமுங்க முதலாளி."

அடுத்த பதிப்பு! இருநூறு பிரதி தீர்வதற்கு இன்னும் பத்து வருஷம் ஆகும். நான் அதுவரைக்கும் இருக்க வேண்டும். அதற்கு முன்னால் வருகிற மாதம் கோயமுத்தூரில் பேனாக் கண்காட்சி. குழுவுக்கு ஒரு மேசை. அந்த மேசையில் கிளுவைப் பச்சை பாட்டிலும் இந்தப் புத்தகமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கப் போகிறது. மை செய்த அனுபவத்தைப் பற்றிப் பேசச் சொல்லி சாரைக் கூப்பிட்டும் இருக்கிறார்கள். என்ன அனுபவம் பேசுவார்? கால் சொட்டு விட்ட அனுபவமா? எட்டுப் பேனாவுக்குப் பல் விளக்கின அனுபவமா?

சார் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். என் தொழிலில் அடுத்த பதிப்பு கிடையாது. ஒரு தடவை எல் சைஸ் பனியனுக்கு எக்ஸெல் லேபிள் போய்விட்டது. பெட்டி கட்டி டேப் ஒட்டி லாரி வாசலில் நிற்கிறது. பனியன் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. துணி நல்ல துணி, நிறம் நல்ல நிறம். அடுத்த ஆர்டரில் சரியாகப் போடுகிறேன் என்று பயரிடம் சொல்ல முடியுமா? அத்தனை பெட்டியையும் இறக்கினோம். ஒவ்வொரு பனியனாகப் பிரித்து லேபிளைப் பிய்த்து வேறு தைத்தோம். முதலாளி நானும் உட்கார்ந்து பிய்த்தேன். தப்பான லேபிளோடு போகிற பொருள் தப்பான பொருள்தான். திருப்பூரில் லேபிள் அடிக்கிற சின்னப் பிள்ளைக்குக்கூட இது தெரியும்.

அதனால் நான் கேட்பது இதுதான். செய்முறையை நான் திரும்பக் கேட்கவில்லை. எடுத்துக்கொள்ளட்டும். இதோ, மேலே எண்ணோடு நானே எழுதிவிட்டேன், வேண்டுகிறவர்கள் கலக்கிக்கொள்ளலாம். உப்புக் கதையையும் எடுக்கச் சொல்லவில்லை. போட்டேன், அது என் தப்பு, இருக்கட்டும். சார் அழகாக எழுதினார் என்பதையும் போடட்டும், அது நிஜம். ஆனால் செய்முறைப் பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்ட வேண்டும். அதில் இரண்டு வரி. முதல் வரி: 'இந்த மையைச் செய்தவர்' என்று போட்டு என் பேர். இரண்டாவது வரி: 'நிறம் பார்த்து முடிவு சொன்னவர்' என்று போட்டு எங்கூட்டுக்காரி பேர். என் பேரை மட்டும் கேட்டால் நானும் அந்த சார் வேலையைத்தான் செய்கிறேன் என்று ஆகிவிடும். சீட்டில் போட வேண்டியதை எழுதி அவளிடம் காட்டினேன். படித்துவிட்டு, "என் பேருல ஒரு காலை விட்டுட்டீங்க" என்றாள். திருத்திவிட்டேன்.

என் பேரை இந்தக் கட்டுரையில் எழுதவில்லை. வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். அங்கே வரவேண்டியதை நானே இங்கே போட்டுக்கொண்டால், "அதான் போட்டாச்சுங்களே" என்று தப்பித்துக்கொள்வார்கள்.

இருநூறு சீட்டு. என் யூனிட்டில் லேபிள் அடிக்கிற மெஷின் இருக்கிறது, ஒட்ட ஆள் இருக்கிறது, பசை இருக்கிறது. புத்தகத்தைக் கட்டோடு அனுப்பிவைத்தால் போதும், ஒரு மத்தியானத்தில் ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவேன். சீட்டு ஒட்டாத ஒரு பிரதிகூட கோயமுத்தூர் மேசைக்குப் போகக்கூடாது. மையை நான் செய்தேன். அதைப் போடுங்க.